இரண்டாவது சிடி

காஜா பேராங், மலாக்கா
16 ஜனவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு சேதுபதி எழுதுவது.

நானும் ருக்மணியும் குத்துக்கல்லாட்டம் சுகமாக இருக்கிறோம். நீயும் கணேசமூர்த்தி மாமாவும் அந்தக் கவென்ட்ரி குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா?

இமெயில் வந்த பிறகும் எதற்குக் காகிதம் என்று போனில் கேட்டாய். இமெயிலில் தமிழ் போட்டால் உன் பக்கம் கட்டம் கட்டமாக வருகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் கடைக்காரருக்கு ரசீது அனுப்புகிற மாதிரி இருக்கிறது. நமக்குள் தமிழில்தான் எழுத வேண்டும் என்று அப்பா போட்ட சட்டத்தை அவர் போன பிறகும் யாரும் ரத்து செய்யவில்லை. நான் எழுதும்போது ருக்மணி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். மலாக்கா செட்டி வீட்டுப் பெண், பேச்செல்லாம் மலாய். நம் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி.

பொங்கலுக்கு முதல் நாள் அவள் அம்மா வீட்டில் பார்ச்சு. இறந்து போனவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்கிறார்கள். அவள் தாத்தாவுக்கு ஒரு சுருட்டு கூட வைத்தார்கள். "எனக்கு என்ன வைப்பாய்?" என்று கேட்டேன். "நீ எழுதி முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர் கேமை வைக்கிறேன்" என்றாள். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசினோம் என்று மாமியாரிடம் இரண்டு பேருக்கும் திட்டு.

கேம் விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூரிலிருந்து கோரல் கம்பெனியின் கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டது! போட்டுப் பார்த்தேன், அக்கா. கேமில் வருகிற என் ஆறு இத்தனை நாள் தகரம் மாதிரி கிடந்தது, இப்போது தண்ணீராக ஓடுகிறது. ஆட்டத்தின் பெயர் 'சம்பான்'. மழை பெய்கிறது, நீ படகுக்காரன், துறை துறையாக நிற்கிறவர்களை ஏற்றி இருட்டுவதற்குள் வீடு சேர்க்க வேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கோரல் கம்பெனியின் சொந்த ரீஃபில் எழுதப் போகிறேன். மூடுபனிக்கு அதில் ஒரே ஒரு வரி.

நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டு வரும் வரை சந்தோஷமாக இருந்துகொள்கிறேன்.

உன் தம்பி,
சேது


கவென்ட்ரி
2 பிப்ரவரி 1998

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். மாமாவுக்கு மட்டும் சளி, அது பிப்ரவரி மாதத்து வாடகைக்காரர். ருக்மணியை விசாரித்ததாகச் சொல்.

எதிர்பார்த்தாய் அல்லவா, இதோ திட்டு. ரீஃப் என்பது என்ன? உன் விளையாட்டுக்கும் கார்டுக்கும் நடுவில் நிற்கிற துபாஷி. நீ 'தண்ணீர் வரை' என்கிறாய், அவன் கார்டின் பாஷையில் சொல்கிறான். சரி. ஆனால் அவன் கோரல் முதலாளி வளர்த்த துபாஷி, வேறு யார் வீட்டு வாசலிலும் அவனுக்கு வாய் திறக்காது. வேறு கம்பெனிக் கார்டு வைத்திருப்பவன் உன் 'சம்பானை'ப் போட்டால் திரை கறுப்பாக நிற்கும். முதலாளி கடையைக் கட்டினால் துபாஷியும் ஊமை, உன் ஆறும் போச்சு.

எல்லாக் கார்டுக்கும் பொதுவாக ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கிறது. அதில் எழுது. என் கேம் ஆபீசில், கார்டுக் கம்பெனிகளின் சொந்த இன்டர்ஃபேசில் எழுதிய மூன்று ஆட்டங்கள் இன்று எந்த மெஷினிலும் ஓடாமல் பெட்டியில் தூங்குகின்றன. எழுதியவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த முகத்தை உன்னிடம் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

ஐந்து வருஷம் கழித்து யார் கையில் கோரல் கார்டு இருக்கும்? அதற்கு மட்டும் பதில் சொல்.

அன்புடன்,
மல்லிகா அக்கா


காஜா பேராங்
9 மார்ச் 1998

அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மாமாவின் சளி வாடகையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டதா?

உன் துபாஷிக் கதையை நான் வேலை பார்க்கிற பண்டார் ஹிலிர் கம்ப்யூட்டர் கடையில் எல்லாரிடமும் சொன்னேன். முதலாளி நல்லையா அண்ணன் உன் கட்சி. கடைக்கு வருகிறவர்கள் என் கட்சி. நேற்று செமாபோக்கிலிருந்து ஒருவர் வந்து, "தம்பி, எவன் கார்டா இருந்தா என்னா லா? போட்டா ஓடணும். அஞ்சு வருசம் கழிச்சு நான் வேற மிஷின் வாங்கிக்கிறேன், நீ ஏன் கவலப்படுறே?" என்றார்.

உன் பொது இன்டர்ஃபேசிலும் எழுதிப் பார்த்தேன். விதண்டாவாதம் பண்ணுகிறேன் என்று நினைக்காதே, இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அதே கார்டு, அதே ஆறு. ரீஃபில் வினாடிக்கு முப்பது படம் ஓடுகிறது. பொதுவில் பதினொன்று. சம்பான் விக்கி விக்கிப் போகிறது. அதோடு ஒவ்வொரு கம்பெனியும் பொது மொழியைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டிருக்கிறது. ஒரு கார்டில் மூடுபனி பச்சையாக வருகிறது, இன்னொன்றில் ஆறே காணோம். எல்லாருக்கும் நண்பன் ஒருத்தனுக்கும் உதவமாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

உட்கார்ந்தே இருப்பதால் கணுக்கால் இரண்டும் வீங்குகிறது. செருப்புக்குள் போகமாட்டேன் என்கிறது. ருக்மணி கிளினிக்குக்கு இழுத்துப் போகப் போகிறாளாம். எனக்கு ஊசி என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும்.

சேது


கவென்ட்ரி
22 ஏப்ரல் 1998

தம்பி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நான் நலம், இதுவரை இருந்ததை விட நலம். உனக்கு அக்டோபரில் மருமகனோ மருமகளோ வரப் போகிறது.

ஒன்பது வருஷம், சேது. இரண்டு தடவை கைக்கு வந்து போனது உனக்குத் தெரியும். மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மாமா உத்தரவு. டாக்டரம்மா படுக்கையை விட்டு அதிகம் எழக்கூடாது, பயணம் என்ற பேச்சே கூடாது, மனசில் எந்தக் கவலையும் ஏற்றக்கூடாது என்கிறாள். படுத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கால் வீக்கத்துக்கு டாக்டர் என்ன சொன்னார்? அதை எழுது.

பதினொரு படத்தைப் பற்றி: பொது இன்டர்ஃபேஸ் குழந்தை, இப்போதுதான் தவழ்கிறது. அடுத்த வருஷம் நடக்கும், அதற்கு அடுத்த வருஷம் உன் ரீஃபைத் தாண்டி ஓடும். பொறுத்தார் பூமி ஆள்வார். உனக்கு முப்பத்து நான்குதானே ஆகிறது, என்ன அவசரம்?

அக்கா


காஜா பேராங்
5 ஜூன் 1998

என் அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ருக்மணி அம்மன் கோயிலுக்கு ஓடிப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். நீ எதையும் நினைக்காமல் படுத்திரு. எழுந்திருக்காதே. கவலைப்படுவதற்கு இங்கே எதுவுமே இல்லை.

கால் விஷயம் ஒன்றுமில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ருக்மணி ஊறுகாய் ஜாடியை ஒளித்துவிட்டாள்.

கடையில் முழு நேரம் இல்லை இப்போது. திங்கள், புதன், வெள்ளி காலையில் புக்கிட் பாரு பக்கம் ஒரு வேலை. ஒரு மெஷின் பக்கத்தில் நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கமாகிவிட்டோம். நோட்டுப் புத்தகம் எடுத்துப் போய் ஆட்டத்துக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம், அதற்கு அடுத்த வருஷம் என்று எழுதியிருந்தாய். பூமியை ஆளுகிற எண்ணம் எனக்கு இல்லை, அக்கா. நல்லையா அண்ணன் கடையில் ஒரு அலமாரி இருக்கிறது பார், வெளிநாட்டு ஆட்டங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பார். அதில் 'சம்பான்' என்று ஒரு பெட்டி, கீழே என் பெயர். அதைக் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும். இந்த வருஷத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். அதற்கு ரீஃப்தான் தோது.

ருக்மணி வந்துவிட்டாள். நான் பேனாவை எடுத்தாலே "சுடா துலிஸ்?" என்று கேட்பது இப்போது அவளுக்கு வாடிக்கை. எழுதியாச்சா என்கிறாள். "சுடா" என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கடிதம் போவதில் அவளுக்கு அத்தனை அக்கறை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சேது


கவென்ட்ரி
12 ஜூலை 1998

தம்பிக்கு,

நானும் உள்ளே இருக்கிற ஆளும் சுகம். உதைக்கிறது, ஒன்பது வருஷத்துக் கணக்கைத் தீர்க்கிற மாதிரி.

உன் கடிதத்தில் கையெழுத்து ஏன் அப்படிக் கிறுக்கலாக இருக்கிறது? அந்தப் புக்கிட் பாரு வேலையை விடு. மெஷின் பக்கத்தில் சும்மா உட்காருவது ஒரு வேலையா?

இப்போது நல்ல சேதி. எங்கள் கம்பெனி சின்னச் சின்ன ஆட்டங்களை வெளியிலிருந்து வாங்கிப் பெட்டியில் போட்டு விற்கப் போகிறது. செப்டம்பரில் தேர்வுக் கூட்டம். ஐந்து பேர், நானும் ஒருத்தி. வீட்டிலிருந்தே பார்த்து எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். 'சம்பானை' அனுப்பு.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நீ என் தம்பி என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அதனால் மற்றவர்களை விட உன்னிடம் நான் கண்டிப்பாக இருப்பேன். பிறகு கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்காதே. கேரம் போர்டை நான் கொடுக்கவில்லை என்று ஒரு மாதம் பேசாமல் இருந்த ஆள் நீ.

அக்கா


காஜா பேராங்
20 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் நலம். நீ நலமாக இருப்பதுதான் எனக்கு முக்கியம். உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிட்டேன் என்று ருக்மணிக்கு ஆச்சரியம்.

இத்துடன் இரண்டு சிடி வைத்திருக்கிறேன். முதலாவது ஆட்டம், அப்படியே போட்டு ஆடலாம். கோரல் கார்டு வேண்டும், உன் ஆபீசில் இருக்கும். இரண்டாவதில் நான் எழுதிய நிரல் முழுவதும் இருக்கிறது. அதையும் பார், அக்கா. கூட்டத்துக்கு முன்னால் நீ அதைத் திறந்து பார்க்க வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீ பார்த்தால் உனக்கே புரியும்.

ஐந்து வருஷம் கழித்து யார் கையில் கோரல் கார்டு இருக்கும் என்று கேட்டாய். ஆறு மாதமாக அதற்கு பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருக்கிறேன். யார் கையிலும் இருக்காது. நீ சொல்வது சரி. ஆனாலும் இன்றைக்கு ஆடுகிறவனுக்கு இன்றைக்குத்தானே ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும்?

நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேரம் போர்டைத் தவிர. இந்த ஒரு தடவை கேட்கிறேன். தம்பி என்று பார்க்க வேண்டாம். ஆட்டம் நன்றாக இருந்தால் இந்த வருஷமே எடுத்துக்கொள்ளச் சொல்.

ஆற்றில் இரண்டாவது துறை தாண்டியதும் மழை வலுக்கும். அப்போது மூடுபனியைப் பார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

உன் தம்பி,
சேது


கவென்ட்ரி
6 நவம்பர் 1998

அன்புத் தம்பிக்கு,

உன் மருமகள் அக்டோபர் பதினாறாம் தேதி பிறந்தாள். மூன்று கிலோ. நம் அம்மா பெயரிலிருந்து எடுத்துச் சீதா என்று வைத்திருக்கிறோம். உன் காது. நான் தையல் வலியோடு, தூக்கமில்லாமல், உலகத்திலேயே சந்தோஷமான மனுஷியாக இருக்கிறேன்.

தீபாவளிக்குப் போன் செய்தபோது கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. நீயும் லைன் சரியில்லை, சத்தம் கேட்கவில்லை என்று சீக்கிரம் வைத்துவிட்டாய். ருக்மணி ஒரே ஒரு வார்த்தை பேசினாள். என் மேல் ஏதாவது வருத்தமா?

கூட்டம் செப்டம்பர் 21-இல் நடந்தது. டாக்டரம்மாவிடம் ஒரு நாள் மட்டும் அனுமதி வாங்கி நேரில் போனேன். 'சம்பானை' ஐந்து பேரும் ஆடினோம். மூடுபனிக்குள் ஒரு கிழவர் படகுக்காகக் குடையோடு நிற்கிற இடத்தை எங்கள் இயக்குநர் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தார். நான் அழுதேன், கர்ப்பிணி என்று மன்னித்துவிட்டார்கள்.

பிறகு என் கருத்தைக் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன், சேது. இது முழுக்க ஒரே கம்பெனியின் இன்டர்ஃபேசில் கட்டியது, மற்ற கார்டுகளில் ஓடாது, பிரித்துத் திரும்ப எழுத ஒரு வருஷம் ஆகும் என்றேன். அடுத்த செப்டம்பரில் பொது இன்டர்ஃபேசில் எழுதிக்கொண்டு வரட்டும் என்று முடிவு செய்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைக் கவனி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எடுத்திருப்பார்கள். எடுத்து, இரண்டு வருஷத்தில் அது மூலையில் கிடக்கும். அப்படிக் கிடக்கிற ஆட்டத்தில் உன் பெயர் இருக்கக்கூடாது.

கோபப்படு. ஒரு மாதம் பேசாமலும் இரு. ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

மருமகளின் படம் வைத்திருக்கிறேன்.

அக்கா


காஜா பேராங்
5 டிசம்பர் 1998

அக்கா,

மருமகளுக்கு மாமனின் முத்தம். படம் அலமாரிக் கண்ணாடியில் இருக்கிறது. காது என்னுடையதுதான், பாவம்.

நீ சொன்னது சரி. கோபம் இல்லை. உண்மையாகவே இல்லை. நீ வேறு மாதிரி சொல்லியிருந்தால் நீ என் அக்கா இல்லை.

ருக்மணிக்கு வருத்தம் எதுவும் கிடையாது. போனில் தமிழ் பேசக் கூச்சப்படுகிறாள்.

இரண்டாவது சிடி உன் கைக்கு வந்து சேர்ந்ததா? வழியில் உடைந்திருந்தால் சொல், இன்னொன்று அனுப்புகிறேன்.

கொஞ்சம் காய்ச்சல். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். நீ குழந்தையைப் பார், கடிதத்துக்கு அவசரமில்லை.

சேது


கவென்ட்ரி
8 பிப்ரவரி 1999

அடேய் தம்பி,

நாங்கள் மூவரும் நலம். நீ?

கோபம் இல்லை என்று எழுதிவிட்டு இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. பொங்கலுக்குக் கூட இல்லை. போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. கேரம் போர்டுக் கணக்கைத் தாண்டிவிட்டாய், போதும்.

இரண்டு சிடியும் பத்திரமாக வந்தன. இரண்டாவதைத் திறக்கவில்லை, மேசை டிராயரில் இருக்கிறது. ரீஃபில் எப்படி எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? திறந்தால் வரிக்கு வரி குறை சொல்வேன், உனக்கு மனசு கஷ்டமாகும். புதிதாக எழுதியதை அனுப்பு, அதைப் பார்க்கிறேன். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

இன்னொன்று, ஜூன் மாதம் சீதாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒரு மாதம் லீவு கேட்டிருக்கிறேன். நீயும் நானும் உட்கார்ந்து எழுதினால் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ருக்மணியிடம் எனக்கு இடியாப்பமும் உன் மாமியார் செய்கிற அந்த மீன் குழம்பும் வேண்டும் என்று சொல்லிவை. அவளோடு இந்தத் தடவை நிறையப் பேச வேண்டும். என் மலாய் துருப்பிடித்துவிட்டது, சிரிக்கக்கூடாது என்று சொல்.

உடனே பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


காஜா பேராங், மலாக்கா
14 மார்ச் 1999

மதிப்பிற்குரிய அம்மா மல்லிகா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ராஜரத்தினம். தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தங்கள் தம்பி வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறேன். திருமதி ருக்மணி மலாயில் சொல்ல, நான் தமிழில் எழுதுகிறேன். மலாயிலேயே எழுதி அனுப்பலாமே என்றேன். இந்த வீட்டிலிருந்து அக்காவுக்குப் போன கடிதமெல்லாம் இந்த எழுத்தில்தான் போனது, இதுவும் அப்படியே போகட்டும் என்கிறார்.

அம்மா, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தங்கள் தம்பி சேதுபதி பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலமானார். போன ஏப்ரலிலேயே இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டதாகச் சொல்லிவிட்டார்களாம். அப்போதிருந்து வாரம் மூன்று நாள் புக்கிட் பாரு பக்கம் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். டிசம்பரில் வந்த காய்ச்சல் விட்டு விட்டு அடித்து, கடைசியில் இரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது.

தங்களுக்கு அப்போதே தெரிவிக்காததற்குக் காரணத்தையும் திருமதி ருக்மணி எழுதச் சொல்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, உங்க மேல எனக்குக் கோபம். கூடப் பொறந்தவங்க கிட்னி சேரும்னு டாக்டர் சொன்னாரு. என்னோடது சேரல. அக்காவுக்கு எழுதுங்கன்னு நான் தினமும் சொன்னேன். அவரு எழுத உக்காரும்போதெல்லாம் பக்கத்துல நின்னு கேட்டேன், 'சுடா துலிஸ்?' 'சுடா'ன்னாரு. அக்கா என்ன சொன்னாங்கன்னு கேட்டா, புள்ள பொறந்ததும் வர்றேன்னு எழுதிருக்காங்கன்னாரு. புள்ள பொறந்துச்சு, படம் வந்துச்சு, நீங்க வரல. ஒரு கிட்னி கேட்டதுக்கா இப்படின்னு நெனச்சேன். அதான் போன்ல பேசல. செத்தப்பவும் யாரும் சொல்ல வேணாம்னு நான்தான் தடுத்தேன்."

எட்டாம் நாள் தங்கள் கடைசிக் கடிதம் வந்தது. படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டு வந்தார். ஜூன் மாதம் வருகிறேன், இடியாப்பம் வேண்டும் என்ற இடம் வரை படித்தேன். பிறகு என்னால் முடியவில்லை. தங்களுக்கு எதுவுமே தெரியாது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வீட்டுக்கு ஓடிப் போய்த் தாங்கள் எழுதிய கடிதங்கள் அத்தனையும் கொண்டு வந்தார். இரண்டு பிற்பகல் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். அதன் பிறகு இதை எழுதச் சொல்ல அவருக்கு இத்தனை நாள் ஆயிற்று.

மேலே எழுதியதில் கோபம் என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், இருந்தது இருக்கட்டும், இப்போது இல்லை என்று அதற்குக் கீழே எழுதுங்கள் என்கிறார். எழுதிவிட்டேன்.

அவர் அழுதுகொண்டிருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ராஜரத்தினம்


கவென்ட்ரி
2 ஜனவரி 2001

அன்பு ருக்மணிக்கு,

எல்லாரும் நலம், நலமறிய ஆவல் என்று நமக்குள் இனி எழுத வேண்டாம். அந்த வரியை நம்பித்தான் இரண்டு பேரும் ஏமாந்தோம். சீதாவுக்குக் காது வலி. எனக்கு இரவு தூக்கம் சரியில்லை. உனக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது. ராஜரத்தினம் ஐயா இதைப் படித்துச் சொல்வார், அவருக்கு என் வணக்கம்.

சேது போன பிறகு அந்த ஏப்ரலில் நான் வந்து உன் வீட்டில் இருந்த மூன்று வாரமும் ஒன்று சொல்லாமல் வந்துவிட்டேன். சேது அனுப்பிய இரண்டாவது சிடியை அப்போதும் நான் திறந்திருக்கவில்லை. முதலில் அலட்சியம். பிறகு பயம். அவன் கையால் எழுதியதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன அக்டோபரில் கோரல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐந்து வருஷம் என்று நான் மிரட்டினேன், மூன்றே வருஷத்தில் முடிந்தது. ஆபீசில் எல்லாரும் அந்தக் கார்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். ஒன்றை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். இனி 'சம்பான்' எந்தப் புது மெஷினிலும் ஓடாது. அதற்காகத்தான் டிராயரைத் திறந்தேன்.

ருக்மணி, அவன் நான் சொன்னபடிதான் செய்திருந்தான். ஆட்டம் முழுவதையும் எந்தக் கார்டையும் சாராமல் எழுதி, ரீஃபோடு பேச வேண்டியதை மட்டும் ஒரே ஒரு கோப்பில் தனியாகப் பிரித்து வைத்திருந்தான். பக்கத்தில் இன்னொரு கோப்பு, பொது இன்டர்ஃபேசுக்கு. அதில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன, உள்ளே காலி. ஒவ்வொரு காலியிடத்திலும் ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு. ஆற்று நீர், அக்கா எழுதுவாள். மழை, அக்கா எழுதுவாள். மூடுபனி, அக்கா திட்டிக்கொண்டே எழுதுவாள். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக, 'அக்கா சொல்வது சரி. எனக்கு நேரம் போதாது, அவளுக்கு இருக்கும்' என்று எழுதியிருக்கிறான்.

அந்தக் கோப்பின் தேதி 1998 ஜூன் மூன்று. எனக்குக் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, தனக்கு உப்பைக் குறைத்தால் போதும் என்று எழுதினானே, அந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பு. அதற்குப் பிறகு அவன் என்னோடு போட்ட சண்டையெல்லாம் சும்மா. எனக்கு இடம் விட்டு வைத்துவிட்டுத்தான் சண்டை போட்டிருக்கிறான்.

நான் உட்கார்ந்து அந்த இடங்களை நிரப்பினேன். மாலையில் சீதா தூங்கும் நேரத்தில் மட்டும் எழுதினேன். பதினொரு நாள் ஆனது. பதினொரு நாள், ருக்மணி. ஒரு வருஷம் ஆகும் என்று நான் அந்தக் கூட்டத்தில் சொன்னேன். கூட்டத்துக்கு முன்னால் திறந்து பார் என்று கெஞ்சியிருந்தான். திறந்திருந்தால் அந்த நவம்பரில் அவன் பெட்டியை அவன் கண்ணால் பார்த்திருப்பான். உனக்கு அவன் எழுத்து படிக்கத் தெரியாது, உன் மேல் குற்றமில்லை. எனக்குத் தெரியும். நான் படிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நீ என்ன நினைத்தாலும் சரி.

இப்போது எல்லாக் கார்டிலும் ஓடுகிறது. முப்பது படம் இல்லை, அறுபது படம். மூடுபனியைக் கடைசியாக எழுதினேன், அவன் சொன்னபடி திட்டிக்கொண்டுதான். அவனுடைய குறிப்புகள் எதையும் அழிக்கவில்லை.

கம்பெனி இந்த மார்ச்சில் வெளியிடுகிறது. அதற்குக் காத்திருக்க எனக்கு மனமில்லை, மாதிரிக்கு அச்சடித்த முதல் பெட்டியை விரைவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். மேலே 'சம்பான்'. கீழே சேதுபதி என்று மட்டும் இருக்கிறது, என் பெயர் எங்கேயும் இல்லை. பார்ச்சுக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

பண்டார் ஹிலிர் போய் நல்லையா அண்ணனிடம் கொடு. அந்த அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு நாள் வைத்திருக்கச் சொல். யார் கேட்டாலும் விற்க வேண்டாம். சாயந்திரம் வீட்டுக்கு எடுத்து வந்துவிடு.

பார்ச்சு அன்று அவன் இலையில் வை. முடித்தாயிற்று என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்து.

உன் அக்கா,
மல்லிகா